கடைக்கு இன்சூரன்ஸ்... லாரிக்கு இன்சூரன்ஸ்... மனைவிக்கு?



ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போது, ஒருவர் துண்டை விரித்துப் பிடித்தபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு மருத்துவமனை பில். கூடவே ஜமாஅத் லெட்டர்பேடில் ஒரு கடிதம். "ஆபரேஷன் செலவுக்கு உதவுங்க பாய்" என்பார். நீங்களும் ஐம்பதோ நூறோ போட்டுவிட்டு, கடையைத் திறக்க நேரமாகிவிட்டதே என்று வண்டியைக் கிளப்பியிருப்பீர்கள். யாருக்கு ஆபரேஷன், ஏன் இந்த நிலை என்று என்றைக்காவது கேட்டதுண்டா?

திருத்தணியில் ஒரு வெள்ளிக்கிழமை நான் கேட்டேன். சவூதியில் எட்டு வருடமாக டிரைவர் வேலை பார்க்கும் ஒருவரின் மனைவிக்குத்தான் அந்த வசூல்! "சவூதிக்காரன் பொண்டாட்டிக்கா நாம காசு போடணும்?" என்று அங்கேயே ஒருவர் முகம் சுளித்தார். முழு விவரத்தையும் கேட்டுவிட்டு அப்புறம் சுளிக்கட்டும்.

அந்தச் சகோதரிக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தாங்க முடியாத ரத்தப்போக்கோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். கவுண்டரில் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லி, கணவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கார்டின் படத்தைக் காட்டினார். கணவரின் கம்பெனி கொடுத்த கார்டு அது. கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது அவருக்கு மட்டும்தான்க்கா. அதுவும் அந்த நாட்டுக்குள்ள மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். எட்டு வருடமாக அந்தக் குடும்பம் தனக்கு இன்சூரன்ஸ் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மதியம் கழுத்தில் இருந்ததும் காதில் இருந்ததும் அடகுக் கடைக்குப் போயின. மீதிக்குத்தான் துண்டு விரிந்தது.

இது ஒரு வீட்டின் கதை என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவில் சபுர் போன ஆள் இருக்கும் வீடுகளை எண்ணுங்கள். அதில் எத்தனை வீட்டில் மனைவி பெயரில், பிள்ளைகள் பெயரில், இந்த மண்ணில் செல்லுபடியாகும் ஒரு மருத்துவ இன்சூரன்ஸ் இருக்கிறது? ஒரு கை விரல்களே போதும் எண்ணுவதற்கு!

வியாபாரப் பெருமக்களே! ம.பொ.சி. சாலையில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு இன்சூரன்ஸ் தெரியாதா? வங்கியில் கடன் வாங்கியவர் சரக்குக்கு தீ விபத்து இன்சூரன்ஸ் எடுத்துத்தான் வைத்திருக்கிறார். லாரி வைத்திருப்பவர் ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டுகிறார். கட்டாவிட்டால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விடாது. ஆக, வங்கி மிரட்டினால் எடுப்போம், போலீஸ் மறித்தால் எடுப்போம். மனைவி மிரட்டுவதில்லை, மறிப்பதும் இல்லை. அதனால் அவளுக்கு மட்டும் இல்லை!

கணவன் பையில் இருக்கும் கார்டு யாருக்கு?

வளைகுடாவில் உங்கள் சகோதரன் வைத்திருக்கும் கார்டு பொய்யான கார்டு இல்லை. சவூதி அரேபியா 1999-லேயே கூட்டுறவு சுகாதார இன்சூரன்ஸ் சட்டம் கொண்டுவந்து, தனியார் நிறுவனத் தொழிலாளிக்கு முதலாளிதான் மருத்துவ இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. அபுதாபியில் 2006 முதல் கட்டாயம். துபாயில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். ஷார்ஜா, அஜ்மான் போன்ற மற்ற அமீரகங்களிலும் 2025 ஜனவரி 1 முதல் இன்சூரன்ஸ் இல்லாமல் தொழிலாளிக்கு விசா அடிக்க முடியாது. அடிப்படைத் திட்டத்துக்கு ஆண்டுக்கு 320 திர்ஹம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும்.

இவ்வளவும் அங்கே இருப்பவனுக்கு. அவன் லீவில் ஊருக்கு வந்து, இரண்டு மாதத்தில் நெஞ்சு வலி வந்தால்? பெரும்பாலான அடிப்படைத் திட்டங்களில் இந்தியா என்ற பெயரே இருக்காது. சிலவற்றில் "செலவு செய்துவிட்டு பில் அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்" என்று இருக்கும். எந்த நாட்டில் செல்லும் என்று பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரியைப் படித்தவர் யார்?

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். வேலை போனால் அந்தக் கார்டும் போய்விடும். ஐம்பது வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்த்துக்கொண்டு, எக்ஸிட் அடித்து ஊர் திரும்புகிறவர் அதற்குப் பிறகு இங்கே புதிய பாலிசி தேடுகிறார். கிடைக்காது என்பதில்லை. ஆனால் ஏற்கனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். முப்பது வயதிலேயே மனைவியோடு சேர்த்துத் தன் பெயரையும் இங்கே ஒரு குடும்ப பாலிசியில் போட்டு வைத்திருந்தால் அந்தக் காத்திருப்பு எப்போதோ முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் பாலிசி எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சிகிச்சை இங்கே எடுத்தால் பணம் கிடைக்கும்.

அரசாங்கத்தின் 375 ரூபாய்

மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. 2003-ல் தொடங்கி, கடைசியாக 2017-ல் பெரிதாகத் திருத்தப்பட்ட பிரவாசி பாரதிய பீமா யோஜனா. பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்குமே, அவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா போன்ற வேறு சில நாடுகளுக்கும் வேலைக்குப் போகும்போது கட்டாயம் எடுக்க வேண்டியது. 2017 திருத்தத்தின்படி இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். முதலாளி மாறினாலும் இந்தப் பாதுகாப்பு தொடரும். தொழிலாளியின் மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம், ஒரு தடவைக்கு 50,000 வரை. வேலை தொடர்பான வழக்குச் செலவுக்கு 45,000 வரை. மய்யித்தை ஊருக்குக் கொண்டுவரும் செலவும் உண்டு.

375 ரூபாய்க்கு இவ்வளவா என்று வாய் பிளக்காதீர்கள். ஓட்டைகளையும் பாருங்கள்.

10 லட்சம் என்பது விபத்து மரணத்துக்கு மட்டும். ஐம்பது டிகிரி வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து, இரவு படுத்தவன் காலையில் எழவில்லை என்றால் அது இயற்கை மரணம் என்று எழுதப்படும். பத்து லட்சத்தில் ஒரு பைசா வராது. வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளில் எத்தனை பெட்டி இப்படி மாரடைப்பு என்று எழுதி வருகிறது என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024 மார்ச்சில் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் முயற்சியில் தொழிலாளருக்கான ஓர் ஆயுள் பாதுகாப்புத் திட்டம் வந்தது. ஆண்டுக்கு 37 முதல் 72 திர்ஹம். இயற்கை மரணத்துக்கும் 35,000 முதல் 75,000 திர்ஹம் வரை கிடைக்கும். உடலை அனுப்பும் செலவுக்கு 12,000 திர்ஹம் வரை தனி. துபாயில் இருக்கும் உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, அவன் கம்பெனி இதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 72 திர்ஹத்தை இரண்டு நாள் சிகரெட்டுக்கு ஊதுகிறவர்களும் அங்கே இருக்கத்தான் செய்கிறார்கள்.

குடும்பத்துக்கு மருத்துவ உதவி? பீமா யோஜனாவில் மனைவிக்கும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு 50,000 வரை உண்டு என்று ஏஜெண்ட் அடித்துச் சொல்வார். எப்போது என்று சொல்ல மாட்டார். தொழிலாளி இறந்தால் அல்லது நிரந்தர ஊனமானால்தான்! கணவன் நல்லபடியாக இருக்கும்வரை மனைவிக்கு அதில் ஒன்றும் இல்லை. அந்தச் சகோதரியின் கட்டிக்கு இந்தத் திட்டம் ஐந்து பைசா கொடுத்திருக்காது.

வெளிநாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு இ.சி.ஆர். கட்டாயம் நீங்கிவிடுகிறது. முதல் பாலிசி முடிந்ததும் புதுப்பிக்கச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்க மாட்டார்கள். நம்மாட்களும் மறந்துவிடுவார்கள். அந்த டிரைவரிடம் போனில் கேட்டபோது, "முதல் தடவை போறப்ப ஏஜெண்ட் ஏதோ பேப்பர் குடுத்தாரு, எங்க வச்சேன்னு தெரியலை பாய்" என்றார். இணையத்திலேயே புதுப்பிக்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது.

விசிட் விசாவில் ஏற்றி அனுப்பி, "அங்கே போய் மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுகளைப் பற்றி என்ன சொல்ல? குடிபெயர்வு அனுமதி இல்லை, அதனால் பீமா யோஜனாவும் இல்லை. வேலை விசா அடிக்காதவரை முதலாளியின் கார்டும் இல்லை. ஆசாத் விசா என்று ஆசை காட்டுவதும் இதே ரகம்தான். கஃபீல் ஒருவன், வேலை கொடுப்பவன் இன்னொருவன். காலில் இரும்பு விழுந்தால் இரண்டு பேரும் கை விரிப்பார்கள். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின்படி ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். நம் இளைஞர்கள் எவ்வளவு கொட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்காக நடந்த போராட்டத்தின் நினைவாகத்தான் கடைத்தெருவுக்கு ம.பொ.சி. பெயர். ஆனால் நோயாளிக்கு எல்லை தெரிவதில்லை. ஒருவர் அரக்கோணம் போகிறார், ஒருவர் வேலூர் போகிறார், இன்னொருவர் நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்கு ஓடுகிறார். பாலிசி விற்கிறவர் காட்டும் மருத்துவமனைப் பட்டியலில் சென்னை மருத்துவமனைகள் வரிசையாக இருக்கும். நள்ளிரவில் வலி எடுத்தால் நீங்கள் ஓடப்போகும் மருத்துவமனை அதில் இருக்கிறதா? திருவள்ளூரில் எது, வேலூரில் எது, திருப்பதியில் எது என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கே?" என்பீர்கள். இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. தகுதி உள்ளவர் கட்டாயம் எடுக்க வேண்டும். தகுதி என்ன? குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022-க்கு முன்பு 72,000. மாதம் 1,500 ரியால் சம்பாதிக்கிறவர் குடும்பம் இதற்குள் வருமா? வராது. வருமானச் சான்றிதழில் பொய் எழுதி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏழையின் பங்கைத் தின்பது, பிடிபட்டால் அவமானம் வேறு. வேலை இழந்து திரும்பியவர், மூன்று மாதச் சம்பளமே வராதவர், கணவனை இழந்தவர், இவர்கள்தான் அந்தத் திட்டத்துக்கு உண்மையான உரிமையாளர்கள். வினோதம் என்னவென்றால் இவர்கள் "சபுர்காரன் வீடு" என்ற பேச்சுக்குப் பயந்து மனுவே கொடுப்பதில்லை!

அரசுகளையும் சும்மா விட முடியாது. கேரளம் 2025-ல் நோர்கா கேர் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டில் இருக்கும் மலையாளிக்கும் குடும்பத்துக்கும் 5 லட்சம் மருத்துவ இன்சூரன்ஸ், 10 லட்சம் விபத்து இன்சூரன்ஸ். பிரீமியத்தை அவர்களே கட்டுகிறார்கள். ஆனால் கூட்டாக அரசு பேரம் பேசியதால் ஏற்கனவே நோய் உள்ளவரையும் சேர்க்க முடிந்தது. பக்கத்து ஆந்திரத்திலும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கு விபத்து இன்சூரன்ஸ் திட்டம் இருக்கிறது. தமிழகத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 55 வயது வரை உள்ளவர் சேரலாம், பதிவுக் கட்டணம் 200 ரூபாய். விபத்து இன்சூரன்ஸும் அதன் வழியாக எடுக்கலாம். சேருங்கள். ஆனால் ஊரில் இருக்கும் மனைவிக்கு, உம்மாவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ்? கேரளம் செய்ததை நாம் ஏன் கேட்கக் கூடாது? 2024 ஜூன் 12-ல் குவைத் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு எரிந்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அதில் 7 பேர் தமிழர்கள். குடும்பத்துக்கு 5 லட்சம் என்று அரசு அறிவித்தது, நல்லதுதான். இறந்தால் கொடுப்பதற்கு இருக்கும் மனம், இருக்கும்போது கொடுப்பதற்கு வரவேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

"இன்சூரன்ஸே கூடாதே பாய்!"

இந்தப் பேச்சு வரும் என்று தெரியும். மார்க்கத் தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை, அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 1985-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிக இன்சூரன்ஸ் கூடாது, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறை கூடும் என்று தீர்மானித்தது. சவூதியின் சட்டத்துக்குக் கூட்டுறவு என்று பெயர் வந்ததும் இந்த அடிப்படையில்தான். இந்தியாவில் அப்படிப்பட்ட தகாஃபுல் நிறுவனத்துக்கு இதுவரை வழி திறக்கவில்லை. சட்டம் கட்டாயமாக்கியதைப் பற்றி விவாதமே தேவையில்லை. நாமாக எடுப்பதைப் பற்றி உங்கள் பகுதி ஆலிமிடம் போய், நிலைமையை மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. "இன்சூரன்ஸில் வட்டி இருக்கு" என்று ஒதுக்கியவரின் மனைவி, ஆபரேஷன் அன்றைக்கு நகையை எங்கே கொண்டுபோய் வைத்தாள்? மாதா மாதம் அங்கே கட்டுவது என்ன? வட்டிதானே! இருபது வருடம் வளைகுடாவில் வேர்வை சிந்தியவனின் நகை, ஒரு ஆபரேஷனில் அடகுக் கடைக்காரன் பெட்டிக்குள் போய்விடுகிறது. பேணுதல் என்ற பெயரில் இதைச் செய்கிறோம். ஹராம் என்று உறுதியாக நம்புகிறவர்கள், அந்தப் பிரீமியத்துக்குச் சமமான தொகையை மாதா மாதம் ஜமாஅத் கூட்டு நிதியில் போட்டு, நோயாளிக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் ஏற்பாட்டையாவது செய்யட்டும். அதுவும் செய்யமாட்டோம், இதுவும் எடுக்கமாட்டோம் என்றால் என்ன அர்த்தம்?

இதே வாய்தான் லீவில் வந்திருக்கும்போது வீடு தேடி வரும் ஏஜெண்டிடம், "இருபது வருஷம் கட்டினா டபுளா வரும்" என்றதும் தலையாட்டுகிறது. சேமிப்பு பாலிசி, மணி பேக் என்று ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டி கலந்தது அது. அதில் மருத்துவச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வராது. "எனக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்பவர் பலரிடம் இருப்பது இந்தப் பாலிசிதான்.

எடுக்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

ஏஜெண்ட் விண்ணப்பத்தை அவரே நிரப்பிக்கொள்வார். சர்க்கரை உண்டா, இல்லை. ரத்த அழுத்தம், இல்லை. முன்பு ஆபரேஷன், இல்லை. உங்களுக்குக் கையெழுத்து மட்டும்தான் வேலை. கிளெய்ம் போடும்போது டாக்டர் சீட்டில் "பத்து வருடச் சர்க்கரை" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிராகரித்துவிடுவார்கள். உண்மையைச் சொல்லி எடுங்கள், பிரீமியம் கொஞ்சம் கூடட்டும். தொடர்ந்து ஐந்து வருடம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் தவிர, எதையோ மறைத்தாய் என்று காரணம் காட்டி நிராகரிக்க முடியாது என்பது 2024-ல் வந்த விதி.

பாலிசி எடுத்த முதல் முப்பது நாள் விபத்து தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. ஹெர்னியா, கண்புரை, கல், கர்ப்பப்பை என்று ஒரு பட்டியல் உண்டு, அவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டு வருடக் காத்திருப்பு. அதனால்தான் கட்டி வந்த பிறகு பாலிசி தேடிப் பயனில்லை. பிரசவச் செலவு சாதாரண பாலிசியில் கிடையாது. கணவன் லீவில் வந்து போன பிறகு, மூன்று மாதம் ஆனதும் இன்சூரன்ஸ் கேட்டு வருகிறவர்களைப் பார்த்து ஏஜெண்டுகளே சிரிக்கிறார்கள்.

ரூம் வாடகை வரம்பு என்று ஒன்று இருக்கிறது. இது வியாபாரிகளுக்குச் சட்டென்று புரியும். 3 லட்சம் பாலிசியில் ஒரு நாள் வாடகை 1 சதவீதம், அதாவது 3,000 என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் ஏ.சி. ரூமில் படுத்தால் வாடகையில் மட்டும் கை வைப்பார்கள் என்று நினைக்கிறோம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடுவார்கள்! ரூமை இந்த வரம்புக்குள் எடுங்கள், அல்லது வரம்பில்லாத பாலிசியை எடுங்கள்.

எதை எடுப்பது என்று தலை சுற்றினால், 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி விற்க வேண்டும் என்று வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் எங்கும் ஒன்றே. ரூம் வாடகை தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் 5,000. பில்லில் 5 சதவீதம் நம் கையிலிருந்து. கம்பெனிக்குக் கம்பெனி மாறுவது பிரீமியம்தான். இதைவிடக் கூடுதலாக ஒரு பாலிசி என்ன தருகிறது என்று கேட்டால் ஏஜெண்டின் வாய்ஜாலம் எடுபடாது. தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. பழைய கணக்கைச் சொல்லி வரி கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள்.

கிளெய்மை மறுத்தால் அழுதுகொண்டு வீட்டுக்கு வராதீர்கள். கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, திருப்தி இல்லை என்றாலோ, சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்சம் வரை உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனியின் கடைசிப் பதில் வந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

மனைவி கணவனைப் பார்க்க அங்கே போவதாக இருந்தால் அது வேறு பாலிசி. பயண இன்சூரன்ஸ் என்பது திடீர் நோய்க்கும் விபத்துக்கும்தான். பழைய நோய்க்கும் பிரசவத்துக்கும் பெரும்பாலும் கிடையாது. கத்தாருக்குள் விசிட்டில் நுழைகிறவர் மாதம் 50 ரியால் இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று 2023 பிப்ரவரி முதல் விதி. உம்ரா விசாவில் இன்சூரன்ஸ் சேர்ந்தே வருகிறது, தனியாக அதற்குப் பணம் கேட்கும் டிராவல்ஸ்காரரிடம் எதற்கு என்று கேளுங்கள். குடும்ப விசாவில் நிரந்தரமாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சவூதியில் கூட வாழும் மனைவி மக்களையும் முதலாளி சேர்க்க வேண்டும். துபாயில் முதலாளிக்கு அந்தக் கடமை இல்லை, விசா எடுக்கும் கணவன்தான் கட்ட வேண்டும். சம்பளக் கணக்குப் போடும்போதே இதையும் போடுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கடப்பா, ராயச்சோட்டி வட்டாரத்தில் கதை தலைகீழ். அங்கே மனைவி குவைத்தில் வீட்டு வேலை, கணவன் ஊரில் பிள்ளைகளோடு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. தமிழகத்தில் அது 1978-ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். தனி ஏஜெண்ட் மூலம் போனவளுக்கு எந்தக் காகிதமும் இருக்காது.

இளைஞர்களே! இன்று இரவு இஷாவுக்குப் பிறகு போன் வரும். பிள்ளைகள் பேசட்டும், மனைவி பேசட்டும். பிறகு நீங்கள் வாங்கிக் கேளுங்கள். மச்சான், உங்கள் கம்பெனி கார்டில் எந்த நாடு என்று போட்டிருக்கிறது? பீமா யோஜனா பாலிசி எண் என்ன, எந்தத் தேதியில் முடிகிறது? வாரிசு என்று யார் பெயர் கொடுத்தீர்கள்? பல பேர் கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் வாப்பா பெயரே இன்னும் இருக்கிறது, வாப்பா மவுத்தாகி ஐந்து வருடம் ஆகியிருக்கும். பாஸ்போர்ட், இகாமா, வேலை ஒப்பந்தம், கார்டு எல்லாவற்றின் நகலும் மனைவியின் பீரோவில் இருக்க வேண்டும்.

வியாபாரிகளே, உங்களிடம் கேட்பது பணம் இல்லை. உங்களுக்கு பாலிசி படிக்கத் தெரியும், கணக்குத் தெரியும், ஏஜெண்டை மடக்கத் தெரியும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து அரை மணி நேரம், பள்ளிவாசல் வராந்தாவில் ஒரு மேஜை போட்டு உட்காருங்கள். சபுர்காரர் வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளிடமோ தம்பியிடமோ காகிதங்களைக் கொடுத்தனுப்பட்டும். எது செல்லும், எது செல்லாது, எது முடிந்துபோனது என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். அந்த டிரைவரின் வீட்டிலிருந்து முதல் காகிதம் வரும். அடகுச் சீட்டும் சேர்ந்து வரும், மீட்க வேண்டிய தேதி அதில் எழுதியிருக்கிறது.